சினை பிடிக்காத மாடு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

மாடு சினை பிடிக்கவில்லை என்றதும் கை நேராக மருந்துக்குப் போகிறது. ஹார்மோன் ஊசி, சத்து டானிக், கருப்பைக்குள் மருந்து என்று ஒன்று மாற்றி ஒன்று நடக்கிறது. அதற்குள் சினைப்பருவங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகின்றன. சினை பிடிக்காமை என்பது தனி நோய் கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகள் கடைசியில் வெறும் வயிற்று மாடாக வந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் தேதிதான். மருந்துக்கு முன்னால் நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

நோட்டில் என்ன இருக்க வேண்டும்

மாட்டுக்கு ஒரு பக்கம். ஈன்ற தேதி, நஞ்சுக்கொடி விழுந்த நேரம், பருவம் தெரிந்த ஒவ்வொரு தேதியும் மணியும், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட தேதியும் மணியும், காளை எண், வழும்பின் (பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வழியும் கோழையின்) நிறம். பருவம் வந்து ஊசி போடாமல் விட்ட தேதியையும் எழுத வேண்டும். பலர் எழுதாமல் விடுவது இதைத்தான், துப்பு கிடைப்பதோ இதில்தான்.

பசுவுக்கும் எருமைக்கும் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். இரண்டு பருவங்களுக்கு இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள்.

18 முதல் 24 நாள்: சுழற்சி சரியாக ஓடுகிறது. முட்டை கருவாகவில்லை, அல்லது கருவாகி 16 நாளுக்குள் அழிந்துவிட்டது. இந்த இரண்டையும் தேதியை வைத்துப் பிரிக்க முடியாது.

36 முதல் 48 நாள்: பெரும்பாலும் நடுவில் ஒரு பருவம் கண்ணில் படாமல் போயிருக்கிறது. மருந்தைவிடக் கண்காணிப்பைச் சரிசெய்ய வேண்டிய இடம் இது.

25 முதல் 35 நாள்: கரு தங்கி, 16 அல்லது 17 நாளுக்குப் பிறகு அழிந்திருக்கலாம். இரண்டு தேதிகளில் ஒன்று தவறாகவும் இருக்கலாம்.

17 நாளுக்குக் கீழ்: இரண்டில் ஒன்று உண்மையான பருவம் இல்லை, அல்லது சினைப்பையில் (முட்டை உருவாகும் உறுப்பில்) நீர்க்கட்டி இருக்கிறது.

ஒரே மாட்டில் இப்படி ஒரு தடவை வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பண்ணையில் பல மாடுகளுக்கு ஒரே மாதிரி இடைவெளி வந்தால் கோளாறு மாட்டில் இல்லை, முறையில் இருக்கிறது.

பருவத்துக்கே வரவில்லை

நல்ல உடலில் இருக்கும் கறவைப் பசு ஈன்று 45 நாளுக்குள் ஒரு முறையாவது பருவத்துக்கு வந்துவிடும். எருமைக்கும், கன்று முழு நேரம் ஊட்டும் மாட்டுக்கும் இன்னும் தாமதமாகும். கறவைப் பசுவுக்கு 60 நாள் தாண்டியும் எதுவும் தெரியவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதல் கேள்வி, சினையாக இருக்கிறதா? காளையோடு மேய்ந்த மாடு, முன்பு ஊசி போட்டுப் பரிசோதிக்காமல் விட்ட மாடு என்றால் இதைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. பருவத்துக்கு வரவைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி சினை மாட்டுக்கு ஏறினால் கன்று கலைந்துவிடும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையால் தொடவே கூடாது. தோல் வழியாகவே அது உடம்பில் ஏறும்.

அடுத்தது, நீங்கள் பார்க்கும் நேரம். தீவனம் வைக்கும்போதும் பால் கறக்கும்போதும் பார்ப்பது கணக்கில் சேராது, அப்போது மாட்டின் கவனம் முழுக்கத் தொட்டியில் இருக்கும். விடியற்காலை, மாலை, இரவு படுக்கப் போகும் முன் என மூன்று வேளை, வேளைக்கு 20 முதல் 30 நிமிடம், வேறு வேலை எதுவும் இல்லாமல் நின்று பார்க்க வேண்டும். அவிழ்த்துவிட்ட மாட்டில் உறுதியான அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: மற்ற மாடு மேலே தாவும்போது நகராமல் நிற்பது. மற்ற மாட்டின் மேல் தாவுகிற மாடு பருவத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டில் தாவுவதைப் பார்க்க வழியில்லை. கத்துவது, பால் திடீரென்று குறைவது, அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடுவது, பிறப்புறுப்பு தடித்திருப்பது, படுத்து எழுந்த இடத்தில் வழும்பு கிடப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழுக்கும் சிமெண்ட் தரையில் நிற்கிற மாடும், குளம்பு வலியுள்ள மாடும் பருவம் வந்தாலும் தாவாது. தரையில் கீறல் போடுவது, குளம்பு சீவுவது போன்ற வேலைகளே சில பண்ணைகளில் பாதிக் கோளாறைத் தீர்த்துவிடும்.

எருமையில் அடையாளங்கள் மங்கலாக இருக்கும், பெரும்பாலும் இரவில் வரும். வழும்பும் அதிகம் தொங்காது. இரவு கடைசியாக ஒரு முறையும் விடியும் முன் ஒரு முறையும் பார்க்காவிட்டால் எருமையின் பருவத்தைப் பிடிப்பது கடினம்.

இதற்கும் பதில் கிடைக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரின் கையோ ஸ்கேனோ வேண்டும். சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் எனும் மஞ்சள் கட்டி இருந்தால் மாடு சுழற்சியில்தான் இருக்கிறது, நாம்தான் தவறவிட்டிருக்கிறோம். சினை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு புரோஸ்டாகிளாண்டின் போட்டால் 2 முதல் 5 நாளில் பருவம் தெரியும். கருப்பையில் சீழ் தேங்கியிருந்தாலும் அந்தக் கட்டி கரையாமல் நின்று மாடு பருவத்துக்கு வராது. அதற்கும் மருத்துவர் இதே மருந்தைத்தான் பெரும்பாலும் எடுப்பார்.

சினைப்பை இரண்டும் சிறுத்து வழவழப்பாக இருந்தால் அது பசி. உடல் நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடும் முறையில் ஈனும்போது 3 முதல் 3.5 இருக்க வேண்டும். ஈன்றபின் ஒரு புள்ளிக்கு மேல் இறங்கினால் சினைப்பை ஓய்ந்துவிடும். வாலின் இரு பக்கமும் ஆழமான குழி, கை வைத்து அழுத்தாமலேயே இடுப்பில் எலும்பு முனைகள் எண்ணத் தெரிவது, இவை 2.5க்குக் கீழே போய்விட்டதன் அடையாளம். இந்த மாட்டுக்கு ஹார்மோன் போட்டுப் பருவத்தை வரவைத்தாலும் சினை தங்குவது அரிது. உடல் பராமரிப்புக்கான தீவனம் போக, பசுவுக்கு 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ, எருமைக்கு 2 லிட்டர் பாலுக்கு 1 கிலோ அடர்தீவனம் என்பது பொதுவான கணக்கு. இதை இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஒரேயடியாக ஏற்றினால் வயிறு புளித்து மாடு தீனியையே விட்டுவிடும். கூடவே நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை. எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் ஹார்மோனைப் பற்றிப் பேச வேண்டும்.

கிடேரி பருவத்துக்கு வரவில்லை என்றால் வயதை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். அந்த இனத்தின் வளர்ந்த பசுவின் எடையில் 60 முதல் 65 சதவீதம் வந்திருக்க வேண்டும். எடை இருந்தும் வரவில்லை என்றால், காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று விசாரியுங்கள். அப்படிப் பிறந்த கிடேரிகளில் 10க்கு 9 மலடு. தாயின் வயிற்றில் இரண்டு நஞ்சுக்கொடிகளின் ரத்தக் குழாய்களும் இணைந்து, காளைக் கன்றின் ஹார்மோன் இதற்குள் கலந்திருக்கும். இதற்கு வைத்தியம் இல்லை, வீணாகத் தீவனம் போட வேண்டாம்.

பருவம் ஒழுங்காக வருகிறது, ஊசி நிற்கவில்லை

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். மூன்று முறைக்கு மேல் ஊசி போட்டும் 18 முதல் 24 நாளில் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது, வழும்பும் தெளிவாக இருக்கிறது. மாட்டைக் குறை சொல்லும் முன் ஊசி போட்ட நேரத்தைப் பாருங்கள்.

மாடு நகராமல் நிற்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 24 முதல் 32 மணி நேரத்தில் முட்டை வெளிவருகிறது. வெளிவந்த முட்டை 6 முதல் 12 மணி நேரம்தான் உயிர்ப்போடு இருக்கும். விந்து உள்ளே போய்த் தயாராகச் சுமார் 6 மணி நேரம் எடுக்கும், ஒரு நாள் அல்லது சற்றுக் கூடுதலாக உயிரோடு இருக்கும். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

இதில் ஒரு பிசகு அடிக்கடி நடக்கிறது. கணக்கு தொடங்க வேண்டியது பருவம் ஆரம்பித்த நேரத்திலிருந்து. நாம் எண்ணுவதோ கண்ணில் பட்ட நேரத்திலிருந்து. இரவில் யாரும் பார்க்காத கொட்டகையில் காலை 6 மணிக்குத் தெரியும் பருவம் முந்தைய இரவு 8 மணிக்கே தொடங்கியிருக்கலாம். அந்த மாட்டுக்கு மாலை 6 மணி வரை காத்திருந்தால் 22 மணி நேரம் ஓடிவிடும். இரவு 10 மணிக்குப் பார்த்தபோது எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மாலை வரை காத்திருக்கலாம். தெரியாவிட்டால் முற்பகலிலேயே போட்டுவிடுவது நல்லது.

ஊசி போட்ட மறுநாளும் மாடு நின்று கொடுக்கிறது என்றால் முட்டை தாமதமாக வெளிவருகிறது. 24 மணி நேரம் கழித்து இரண்டாவது ஊசி போடலாம். அடுத்த பருவத்தில், ஊசி போடும் வேளையிலேயே, முட்டையை வெளிவரச் செய்யும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனும் போட மருத்துவரிடம் கேளுங்கள்.

நேரம் சரி என்றால் அடுத்தது உறைவிந்துக் குச்சி. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் குச்சி, கலனின் கழுத்துக்கு மேலே சில விநாடி வந்தாலே சேதம் தொடங்கும். அந்தச் சேதம் மறுபடி உள்ளே இறக்கினாலும் சரியாகாது. எந்தக் காளை என்று தேடிக் குவளையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் ஒரு குவளைக் குச்சிகளையே கெடுத்துவிடும். குவளையைக் கழுத்துக்குக் கீழேயே நிறுத்தி, நீண்ட இடுக்கியால் ஒரு குச்சியை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒரு முறை உதறிவிட்டு 35 முதல் 37 டிகிரி வெந்நீரில் முழுதாக மூழ்கவிட வேண்டும். மெல்லிய கால் மில்லி குச்சிக்கு 30 விநாடி, அரை மில்லி குச்சிக்கு 40 முதல் 45 விநாடி. வெந்நீரின் சூட்டை விரலால் அளப்பது வேலைக்காகாது, வெப்பமானி வேண்டும். சட்டைப் பையில் வைத்து உருக்குவதையும் உள்ளங்கையில் உருட்டுவதையும் விட்டுவிட வேண்டும். வெளியே எடுத்த குச்சியை ஒரு துளி ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் பட்டாலே விந்தணு செத்துவிடும். காற்றடைந்த முனையை நேராக வெட்டி, குளிர்ந்திருந்தால் ஏ.ஐ. கன்னை (விந்தைச் செலுத்தும் நீண்ட குழலை) தேய்த்துச் சூடாக்கிப் பொருத்தி, 10 நிமிடத்துக்குள் உள்ளே செலுத்திவிட வேண்டும்.

விந்து போய்ச் சேரும் இடமும் முக்கியம். கருப்பை வாயில் மூன்று நான்கு மடிப்பு வளையங்கள் இருக்கும். கன் ஒவ்வொன்றாகத் தாண்டுவது உள்ளே இருக்கும் கைக்குத் தெரியும். கடைசி வளையத்தைத் தாண்டியதும் ஆள்காட்டி விரலால் கன்னின் முனையைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே நிறுத்தி, 5 விநாடிக்குக் குறையாமல் மெதுவாக அழுத்த வேண்டும். வளையத்துக்குள்ளேயே விட்டால் பெரும்பகுதி வெளியே வழிந்துவிடும். ஆழமாகத் தள்ளினால் கருப்பையின் ஒரு பக்கக் கிளையில் மட்டும் போகும், உட்சுவரிலும் காயம் படும்.

மேலே சொன்னவை எல்லாம் சரி என்றால் கண்ணுக்குத் தெரியாத கருப்பை அழற்சியைச் சந்தேகிக்கலாம். பருவ வழும்பில் 1 மில்லி எடுத்து, அதே அளவு 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்துக் கொதி வரும் வரை சூடாக்கினால், அழற்சி இருக்கும்போது மஞ்சள் நிறம் வரும். நிறம் அடர அடரப் பாதிப்பு அதிகம். கரைசல் தோலைப் பொசுக்கும் என்பதால் மருத்துவரையோ ஆய்வகத்தையோ செய்யச் சொல்லுங்கள்.

ஊசி போட்ட பிறகு நாம் செய்யும் சிலவும் கருவை அழிக்கின்றன. 5-ஆம் நாளிலிருந்து 42-ஆம் நாள் வரை மாட்டை வண்டியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோகக் கூடாது. தீவனத்தையும் திடீரென்று மாற்ற வேண்டாம். முதல் ஒரு வாரம் கடும் வெயில் கருவுக்கு ஆகாது. மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற அளவுக்கு வெக்கை இருந்தால் நிழல், மின்விசிறி, நாள் முழுக்கத் தண்ணீர், உடம்பில் தெளிப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, அதற்குக் குளியலோ முழுக்கோ இல்லாமல் தீராது.

வழும்பு கலங்கலாக இருக்கிறது

வழும்பைத் தரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாணமும் சிறுநீரும் கலந்திருக்கும். பிறப்புறுப்பின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, தொங்கும் இழையைக் கையுறை போட்ட கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிந்து, இரண்டு விரலை விரித்தால் அறுந்துபோகாமல் நீண்டு வந்தால் நல்ல பருவம். பிறகு அதையே கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொட்டுகளோ நூல் போன்ற சீழோ இருந்தால் கறுப்பின் மேல் உடனே தெரியும்.

அப்படித் தெரிந்தால் அன்று ஊசி போட வேண்டாம். சீழில் விந்து பிழைக்காது. மருத்துவர் நோயின் அளவைப் பார்த்துக் கருப்பைக்குள் மருந்து விடுவார், அல்லது புரோஸ்டாகிளாண்டின் போட்டு மாட்டின் பருவத்தையே கருப்பையைச் சுத்தம் செய்ய வைப்பார். அடுத்த பருவத்தின் வழும்பு தெளிந்திருந்தால் மட்டும் ஊசி. கைக்குக் கிடைத்த அயோடினைக் காரமாகக் கலந்து கழுவுவது கருப்பையின் உட்சுவரையே புண்ணாக்கும்.

ஈன்ற முதல் மூன்று வாரம் கணக்கு வேறு. அப்போது செம்பழுப்பு நிறத்தில் நாற்றம் இல்லாமல் வடிவது இயல்பு. தண்ணீராக, அழுகல் நாற்றத்தோடு வடிந்து, மாடு தீனி குறைந்து, காய்ச்சல் 39.5 டிகிரி செல்சியஸ், அதாவது 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே மருத்துவர் வர வேண்டும்.

வாலில் ரத்தம்

பருவம் முடிந்து 1 முதல் 3 நாளில் கொஞ்சம் ரத்தம் கசிவது இயல்பு, கிடேரிகளில் அதிகம். சினை நின்றதற்கும் நிற்காததற்கும் இது அடையாளம் அல்ல. இப்போது ஊசி போட்டுப் பயனில்லை. தவறவிட்ட பருவத்தின் தேதி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ரத்தம் கண்ட நாளிலிருந்து 16-ஆம் நாள் முதல் கவனித்துப் பாருங்கள்.

எப்போதும் பருவத்தில் இருப்பது போலவே அலைகிறது

சில நாளுக்கு ஒரு முறை கத்துவது, கண்ட மாட்டின் மேலெல்லாம் தாவுவது, வாலடித் தசைநார் தளர்ந்து வாலெலும்பு தூக்கி நிற்பது ஆகியவை சினைப்பை நீர்க்கட்டியின் அடையாளங்கள். சினைப்பையில் முட்டையைத் தாங்கும் சிறு பை வெடிக்காமல் 2.5 செ.மீ.க்கு மேல் வளர்ந்து அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஊசி போடுவது வீண். ஜி.என்.ஆர்.எச். போட்டு, 7 முதல் 9 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின் போட்டு, அதன் பிறகு வரும் பருவத்தில் ஊசி போடுவது வழக்கமான சிகிச்சை. கட்டியை விரலால் நசுக்கி உடைப்பது பழைய முறை. சினைப்பை ஒட்டிக்கொண்டு மாடு நிரந்தர மலடாகிவிட வாய்ப்பு உண்டு.

ஊசி போட்ட மாடு திரும்ப வரவில்லை, சினையும் இல்லை

பருவத்துக்கு வராததைச் சினை என்று எடுத்துக்கொள்வதுதான் பண்ணையில் மிக அதிக நஷ்டம் தரும் பழக்கம். ஸ்கேன் இருந்தால் 30-ஆம் நாள், கைப் பரிசோதனை என்றால் 60-ஆம் நாள், எதுவானாலும் 90-ஆம் நாள் மறுபடி ஒரு முறை. இதன் மறுபக்கமும் உண்டு: சில சினை மாடுகளும் பருவம் போல் காட்டும். முன்பு ஊசி போட்ட மாடு ஒழுங்கற்ற தேதியில் லேசாகப் பருவம் காட்டினால் சோதிக்காமல் கன்னை உள்ளே விடாதீர்கள். கருப்பை வாயின் அடைப்பு உடைந்து கன்று கலைந்துவிடும்.

நின்ற சினை கலைகிறது

கலைந்த மாதத்தைப் பாருங்கள். காளைக்கு விட்ட மந்தையில் முதல் நான்கு மாதத்துக்குள் கலைந்தால் காளை வழியாகப் பரவும் டிரைக்கோமோனாஸ் எனும் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். ஐந்தாம் மாதத்துக்கு மேல் கலைந்து நஞ்சுக்கொடியும் தங்கினால் முதல் சந்தேகம் புருசெல்லோசிஸ் எனும் பாக்டீரியா நோய். ஐந்து ஆறு மாதத்தில் கலைந்து, தீவனத்தில் நாய் அசுத்தம் செய்யும் இடமாக இருந்தால் நியோஸ்போரா எனும் ஒட்டுண்ணி. பூஞ்சை பிடித்த வைக்கோலும் தீவனமும் பிற்பகுதியில் கன்று வீச வைக்கும்.

மாதம் தெரிந்தால் திசை தெரியும், முடிவு ஆய்வகத்தில்தான். கலைந்த கன்று, நஞ்சுக்கொடி, தாயின் ரத்தம் மூன்றும் போக வேண்டும். நஞ்சுக்கொடி இல்லாமல் அனுப்பினால் பாதிப் பதில்தான் வரும். வெறுங்கையால் எதையும் தொடக் கூடாது. புருசெல்லோசிஸ் மனிதருக்கு ஒட்டும், மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் படுத்தும். மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்து, மாட்டைப் பிரித்துக் கட்டி, பாலைக் காய்ச்சாமல் குடிப்பதை அன்றே நிறுத்துங்கள். புருசெல்லோசிஸுக்கான எஸ் 19 தடுப்பூசியை 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒரு முறை போடுகிறார்கள். சினை மாட்டுக்கும் காளைக்கும் அது கூடாது.

நஞ்சுக்கொடி விழவில்லை, மாடு எழவில்லை

இரண்டு மாதம் கழித்து வரும் சினைக் கோளாறு பல மாடுகளில் ஈன்ற அன்றே தொடங்குகிறது. சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் குறைந்தால் தசை சுருங்காது. கருப்பையும் தசைதான், அது சுருங்காமல் நஞ்சுக்கொடி தங்கும். தங்கியது அழுகும், அழுகல் அழற்சியாகும், அந்த மாட்டுக்குத்தான் பிறகு வழும்பு கலங்கலாக வரும்.

நஞ்சுக்கொடி வழக்கமாக 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 24 மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்று பொருள். கையை விட்டுப் பிய்க்கவும், கல்லையோ செங்கல்லையோ கட்டித் தொங்கவிடவும் கூடாது. கருப்பைச் சுவர் கிழியும், கருப்பையே வெளியே தள்ளும். தரையில் இழுபடும் பகுதியைப் பின்னங்கால் முட்டி உயரத்தில் வெட்டிவிட்டு, பத்து நாளுக்குத் தினமும் காய்ச்சலைப் பாருங்கள். காய்ச்சல் இல்லாமல் தீனி எடுக்கும் மாட்டில் அது தானே அழுகி விழும். காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

ஈன்று மூன்று நாளுக்குள் மாடு படுத்து எழாமல், காது சில்லிட்டு, மூக்கு உலர்ந்து, கழுத்தை மடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டால் அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், வெப்பமானி வழக்கத்தைவிடக் குறைவாகவே காட்டும். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், விழுங்க முடியாத மாட்டின் நுரையீரலுக்குப் போகும். பக்கவாட்டில் சரியாதபடி வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து நெஞ்சின் மேல் உட்கார வையுங்கள். மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட்டை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, இதயத் துடிப்பைக் கேட்டபடி மெதுவாக நரம்பில் ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். எழுந்த மாட்டை இரண்டு நாளுக்கு மடி வற்றக் கறக்க வேண்டாம்.

பல மாடுகள் ஒரே நேரத்தில் நிற்கவில்லை

ஊசி போடும் பண்ணையானால் நைட்ரஜன் மட்டத்தை அளவுகோலால் பாருங்கள். ஒரு நாள் மட்டம் இறங்கி மறுநாள் நிரப்பியிருந்தாலும் உள்ளிருந்த விந்து செத்திருக்கும். ஒரே காளை எண்ணில் மட்டும் தோல்வி என்றால் குச்சியை உருக்கி நுண்ணோக்கியில் விந்தணு ஓட்டம் பாருங்கள். எல்லா எண்ணிலும் தோல்வி என்றால் கலனோ கையோ நேரமோ.

காளை விடும் மந்தையானால், காளையின் கடந்த இரண்டு மாதத்தைக் கேளுங்கள். விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 60 நாள் ஆகும். ஆறு வாரத்துக்கு முன் வந்த காய்ச்சலோ கால் நொண்டலோ கடும் வெக்கையோ இன்றைய விந்தைக் கெடுத்திருக்கும், காளை பார்க்க நன்றாக இருக்கும், ஆர்வமாகத் தாவவும் செய்யும். விந்துப் பரிசோதனை செய்து, கெட்டிருந்தால் வேறு காளையை மாற்றி, இதை 60 நாள் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். பரிசோதனையில் தேறாத வரை மந்தைக்குள் விடக் கூடாது.